ஆள் பாதி, அங்கி பாதி

1176ஆம் வருஷம், மார்ச் மாதம். லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்து ஆயர்கள் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். போப்பாண்டவரின் தூதராக ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹ்யூகோ நடு ஆசனத்தில். அவருக்கு வலது கைப்பக்கம் கான்டர்பரி பேராயர் ரிச்சர்ட் முன்கூட்டியே வந்து இடம் பிடித்துவிட்டார். பின்னால் வந்த யார்க் பேராயர் ரோஜர் இதைப் பார்த்தார். இடது பக்கம் போய் உட்காரலாம்தான். ஆனால் உட்கார்ந்த அந்த நிமிஷமே, யார்க் கான்டர்பரிக்கு இளையது என்று ஊரறிய எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே, நெரிசல் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக நுழைவோமே, அந்த மாதிரி தூதருக்கும் ரிச்சர்டுக்கும் நடுவில் தன்னைச் செருகப் பார்த்தார். ரிச்சர்ட் இம்மியும் நகரவில்லை. யார்க் பேராயர் அடுத்த முடிவை எடுத்தார். கான்டர்பரி பேராயரின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைப் பேரவை என்று சொல்ல முடியாது. கான்டர்பரியின் ஆட்கள் பாய்ந்து ரோஜரை இழுத்துக் கீழே தள்ளினார்கள். கையாலும் கம்பாலும் அடி. விழுந்தவரை மிதிக்கவும் மிதித்தார்கள். அவர் எழுந்தபோது உடம்பில் இருந்த அங்கி கிழிந்து தொங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கான்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட தாமஸ் பெக்கெட்டைக் காட்டிக்கொடுத்த துரோகி என்ற ஏச்சும் கூடவே கிடைத்தது. கிழிந்த அங்கியோடு நேரே இரண்டாம் ஹென்றி ராஜாவிடம் போய் முறையிட்டார். விஷயத்தை விசாரித்த ராஜா சிரித்துவிட்டாராம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இதை விஸ்தாரமாக எழுதிவைத்த கெர்வேஸ் ஒரு கான்டர்பரி மடத்துத் துறவி. மடியில் உட்கார்ந்தவர் தரப்பு நியாயத்தை அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்தத் தகராறு அப்புறமும் தலைமுறை தலைமுறையாக நடந்து, பதினான்காம் நூற்றாண்டில் ஆறாம் இன்னொசென்ட் என்ற போப் தீர்த்துவைத்தார். யார்க் பேராயர் இனிமேல் ‘இங்கிலாந்தின் தலைமைப் பேராயர்’. கான்டர்பரி பேராயர் ‘முழு இங்கிலாந்தின் தலைமைப் பேராயர்’. இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். இங்கிலாந்துத் திருச்சபை ரோமோடு உறவை முறித்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. போப் போனார், மடங்கள் போயின. அந்த ‘முழு’ மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் அங்கி, பட்டம் என்ற இந்த வம்பே கிடையாது. முதல் சில நூற்றாண்டுகளில் ஆயர், குரு எல்லோருக்கும் தெருவில் போகிறவர்களின் உடைதான். இன்று பூசையில் குருவானவர் மேலே போட்டுக்கொள்ளும் வேலைப்பாடான திருவுடை, அன்றைய ரோமில் மழைக்கும் பயணத்துக்கும் தலைவழியாக மாட்டிக்கொண்ட மேலங்கியின் வாரிசு. ஊரில் மோஸ்தர் மாறியது, ஜனங்கள் கால்சட்டைக்குப் போனார்கள். குருமார் மாறவில்லை. அவ்வளவுதான் ரகசியம். நூறு இருநூறு வருஷம் துணியை மாற்றாமல் இருந்தால் எந்த மழைக்கோட்டுக்கும் புனிதம் வந்துவிடும். 428இல் முதலாம் செலஸ்தீன் என்ற போப், தெற்கு பிரான்ஸ் பக்கத்து ஆயர்களுக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். தனி அங்கியும் இடுப்புக் கச்சையுமாகச் சிலர் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவருக்குக் கோபம். ஜனங்களிடமிருந்து நாம் வேறுபட வேண்டியது போதனையால், உடையால் வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம். கடிதம் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டது. புத்திமதியைத்தான் யாரும் காப்பாற்றவில்லை.

பட்டங்களின் கதை இதைவிட ருசி. ஆறாம் நூற்றாண்டின் முடிவில் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு மறைமுதல்வர் இருந்தார். விடாமல் உபவாசம் இருப்பவர் என்பதால் ‘உபவாசி யோவான்’ என்றே பெயர். சாப்பாட்டைத் துறந்த அந்தப் பெரியவர் ‘உலகம் முழுமைக்குமான மறைமுதல்வர்’ என்ற பட்டத்தை மட்டும் துறக்க மறுத்தார். ரோமில் போப்பாக இருந்த பெரிய கிரகோரிக்கு இது பொறுக்கவில்லை. உலக ஆயர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன் அந்திக்கிறிஸ்துவுக்குக் கட்டியம் கூறுகிறவன் என்கிற அளவுக்குக் கடிதம் போட்டார். எதிராளிக்கு உறைக்க வேண்டும் என்றோ என்னவோ, தன் கையெழுத்தில் ‘கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்’ என்று போட்டுக்கொண்டார். அலெக்ஸாந்திரியா மறைமுதல்வர் ஆசையாக அவரையே ‘உலகப் போப்’ என்று விளித்து எழுதியபோது, வேண்டவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஊழியனையும் விடவில்லை, உலகத்தையும் விடவில்லை. ரோம் ஆயர், இயேசு கிறிஸ்துவின் பதிலாள், உலகத் திருச்சபையின் உச்ச குரு, இத்தாலியின் தலைமைப் பேராயர், வத்திக்கான் நாட்டு அரசர் என்று நீண்டுகொண்டே போகும் அதிகாரபூர்வப் பட்டியலில் ‘ஊழியருக்கு ஊழியன்’ வருவது கடைசியில். ஊழியனுக்கு அதுதானே இடம்?

துணிமேல் இவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு 897ஐப் பார்க்க வேண்டும். செத்து ஒன்பது மாதம் ஆன ஃபொர்மோசுஸ் என்ற போப்பின் உடலைத் தோண்டி எடுத்து, போப்புக்குரிய உடைகளைப் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார் அப்போதைய போப் ஆறாம் ஸ்தேவான். ஒரு மறைமாவட்டத்து ஆயராக இருந்துகொண்டு ரோமுக்கு ஆயராக மாறினார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பிணத்துக்காகப் பதில் சொல்ல ஒரு தியாக்கோனையும் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தீர்ப்பு: குற்றவாளி. தண்டனையின் முதல் பகுதியே, போட்டுவிட்ட உடையை உருவுவது. பிறகு ஆசீர்வதித்த மூன்று விரல்களை வெட்டி, உடலை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். சில மாதத்தில் ஸ்தேவானையே சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். வருஷம் முடிவதற்குள் வந்த இன்னொரு போப், ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட உடலுக்கு மறுபடி உடைகளைப் போட்டு மரியாதையாக அடக்கம் செய்தார். உயிரோடு இருப்பவர்களே ஒரே வருஷத்தில் இத்தனை தடவை உடை மாற்றி விசேஷம் கொண்டாட மாட்டார்கள்.

இதெல்லாம் வெறும் கூத்து என்று தள்ளிவிடலாம். ‘பாலியம்’ என்ற ஒரு துண்டுத் துணியை அப்படித் தள்ள முடியாது. வெள்ளைக் கம்பளி நூலில் நெய்து, கறுப்புச் சிலுவை வைத்து, கழுத்தைச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ளும் பட்டை. கைக்கடங்கும் துணி. பேராயராக நியமனம் ஆனவர் போப்பிடமிருந்து இதை வாங்கிக்கொண்டால்தான் முழுப் பேராயர். வாங்குவது என்றால், நிஜமாகவே வாங்குவது. 1027இல் ரோமுக்குப் போன கனூட் ராஜா, எங்கள் பேராயர்களிடம் இதற்காகப் பிடுங்கும் பணம் கொஞ்சமா நஞ்சமா என்று போப்பிடம் நேரிலேயே புகார் சொல்லிவிட்டு வந்தார். புகாரைக் கேட்டுக்கொண்டார்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்கு வந்த சோதனை எவருக்கும் வரக்கூடாது. 1504இல் ஒரு பேராயர் காலமானார். அடுத்தவர் 1508இல். அதற்கடுத்தவர் 1514இல். பத்து வருஷத்தில் மூன்று சாவு. ஒவ்வொரு சாவுக்கும் புதுப் பேராயர், ஒவ்வொரு புதுப் பேராயருக்கும் ரோமுக்குப் புதுப் பணம். கஜானா துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து, இருபத்து மூன்று வயது ஆல்பிரக்ட் என்ற பிரான்டன்பர்க் இளவரசர், என்னைத் தேர்ந்தெடுங்கள், பணத்தை நானே கட்டிக்கொள்கிறேன் என்றார். ஏற்கெனவே அவர் மக்தபுர்க் பேராயர். கூடவே ஹால்பெர்ஸ்டட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தருக்கு இத்தனை பதவி கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டத்திலிருந்து விலக்குக்கும் ஒரு விலை இருந்தது. எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஃபுக்கர் வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன். கடனை அடைக்க, பாவ தண்டனையைக் குறைக்கும் பலன் சீட்டு விற்க ரோமிடம் அனுமதி. வசூலில் பாதி ரோமில் எழும்பிக்கொண்டிருந்த பேதுரு தேவாலயத்துக்கு, பாதி ஃபுக்கருக்கு. சீட்டு விற்கத் தெட்சல் என்ற பேச்சாளர் கிளம்பினார். அவருடைய பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு எரிச்சலானார் விட்டன்பர்க்கில் இருந்த ஒரு பேராசிரியர். பெயர் மார்ட்டின் லூத்தர். 1517 அக்டோபரில் அவர் தொண்ணூற்றைந்து குறிப்புகள் எழுதினார். ஐரோப்பிய கிறிஸ்தவம் இரண்டாகக் கிழிந்ததற்குப் பெரிய பெரிய காரணங்கள் உண்டு என்று அறிஞர்கள் எழுதுகிறார்கள். இருக்கட்டும். என் கணக்கில் கிழிசல் அந்தக் கம்பளிப் பட்டையில் ஆரம்பிக்கிறது. ஆல்பிரக்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு வருஷமே கர்தினால் ஆனார்.

கர்தினால் என்றால் சிவப்பு. 1245இல் லியோன் நகரத்துச் சங்கத்தில் நான்காம் இன்னொசென்ட் அவர்களுக்கு அகல விளிம்பு வைத்த சிவப்புத் தொப்பியைக் கொடுத்தார். திருச்சபைக்காக ரத்தம் சிந்தவும் தயார் என்பது அந்த நிறத்துக்கு அர்த்தம். தொப்பியிலிருந்து தொங்கும் குஞ்சங்களின் எண்ணிக்கையை வைத்து அந்தஸ்தைச் சொல்லும் வழக்கமும் வந்தது: சின்னத்தில் பக்கத்துக்குப் பதினைந்து என்றால் கர்தினால், பச்சையில் பத்து என்றால் பேராயர், ஆறு என்றால் ஆயர். நாளாக ஆக அந்தத் தொப்பியை யாரும் போடவில்லை. போப் ஒரே ஒரு தடவை தலைக்கு மேல் பிடிப்பார், பிறகு பெட்டிக்குள் போய்விடும். கர்தினால் இறந்தால் வெளியே வரும். அவருடைய தேவாலயத்தின் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். அது இற்றுப்போய் விழும்போதுதான் அவருடைய ஆத்துமா மோட்சம் சேர்கிறது என்று ஜனங்கள் ஒரு கதை கட்டினார்கள். நல்ல கயிறாகப் போட்டுத் தொங்கவிட்டவன் மேல் அந்த ஆத்துமாவுக்கு எவ்வளவு கோபம் இருக்கும்!

தொப்பியை அலட்டாமல் வாங்கியவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான், பொனவெந்தூர். 1273இல் தூதர்கள் தொப்பியோடு ஃபிளாரன்ஸ் பக்கத்து மடத்துக்கு வந்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். கை ஈரமாக இருக்கிறது, அந்த மரத்தில் மாட்டிவையுங்கள், வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். கதைதான். இருந்தாலும் அந்த மரக்கிளைக்குக் கிடைத்த பாக்கியம் பெரிய பெரிய தலைகளுக்குக் கிடைக்கவில்லை.

மற்றத் தலைகளில் சில மிகவும் சிறியவை. ஸ்பெயின் ராஜகுமாரர் ஒருவர் 1619இல் பத்து வயதில் கர்தினால். இன்னொருவர் 1735இல் எட்டு வயதில். மூன்றாம் ஜூலியஸ் போப், தன் குடும்பத்தில் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்த பதினேழு வயசுப் பையன் இன்னொசென்சோவை 1550இல் கர்தினாலாக்கினார். ரோம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை, திறந்தே சிரித்தது. பிரான்ஸில் பதினாறு வயதில் சிவப்பு உடை வாங்கிய ஓதே தெ ஷத்தியோன் பிற்பாடு புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தார். சபையிலிருந்து விலக்கிவைத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? 1564இல் கல்யாணம் செய்துகொண்டார், கர்தினாலின் சிவப்பு உடையிலேயே. மதத்தை விட்டாலும் துணியை விட மனசு வரவில்லை. அம்மையாரை ‘திருமதி கர்தினால்’ என்று அழைத்தார்கள்.

குரங்குப் பையனைக் கர்தினாலாக்கிய அதே ஜூலியஸ், 1553இல் தன் உறவுக்காரப் பையன் ஒருவனையும் பன்னிரண்டு வயதில் கர்தினாலாக்கினார். பெயர் ரொபெர்த்தோ தெ நோபிலி. தெரிந்த பெயராக இருக்கிறதா? 1606இல் மதுரைக்கு வந்த பாதிரியார், நம் தத்துவ போதகர், அதே வம்சம், அதே பெயர். பையனுக்குச் சிவப்பு சுளுவாகக் கிடைத்தது. இவருக்குக் காவி அப்படிக் கிடைக்கவில்லை. கறுப்பு அங்கியைப் பார்த்தாலே மதுரைக்காரர்கள் பறங்கி என்று விலகுகிறார்கள் என்று, காவி உடுத்தி, சந்தனம் பூசி, பூணூல் போட்டு, பாதக்குறடு மாட்டிக்கொண்டார். கூட இருந்த பாதிரியாரே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவா பேராயர் எதிர்ப்பு, கொடுங்கல்லூர் பேராயர் ஆதரவு. 1619இல் கோவாவில் பெரிய விசாரணை. கடைசியில் 1623இல் பதினைந்தாம் கிரகோரி போப், பூணூலும் குடுமியும் சந்தனமும் குளியலும் ஆகுமா ஆகாதா என்று ரோமில் உட்கார்ந்து ஆராய்ந்து, நிபந்தனைகளோடு ஆகும் என்று ஆணை பிறப்பித்தார். மதுரையில் ஒருவர் காலையில் குளிப்பதற்கு வத்திக்கானிலிருந்து அனுமதிச் சீட்டு வந்தது உலக வரலாற்றில் அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

எண்பது வருஷம் கழித்து அதைக் கலைக்க வந்தவர் பட்டம் இன்னும் பெரிது. அந்தியோக்கியா மறைமுதல்வர், போப்பின் நேர்த் தூதர், தூர்னோன். அந்தியோக்கியாவில் அவருக்கு ஆளுகை செய்ய எதுவும் கிடையாது, பட்டம் மட்டும்தான். 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் இருந்தார், மதுரைப் பக்கமே போகவில்லை. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, அது கூடாது, இது கூடாது என்று 1704இல் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுச் சீனாவுக்குக் கப்பலேறினார். அங்கே பேரரசர் காங்ஷி நாட்டைவிட்டே அனுப்பினார். மக்காவ் வந்தால், எங்களைக் கேட்காமல் எப்படி வந்தீர் என்று போர்த்துக்கீசியர்கள் காவலில் வைத்தார்கள். காவலில் இருக்கும்போதே 1707இல் ரோம் அவரைக் கர்தினாலாக்கியது. சிவப்புக் குல்லாய் கப்பலில் ஆடி அசைந்து 1710 ஜனவரியில் மக்காவ் வந்து சேர்ந்தது. ஜூன் மாதம் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஊரே இல்லாத ஆயர் பட்டம் இன்னும் உண்டு. 1995இல் பிரான்ஸின் எவ்ரோ ஆயர் கையோவின் பேச்சு ரோமுக்குப் பிடிக்கவில்லை. பதவியைப் பறித்து, அல்ஜீரியாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன பார்த்தேனியா என்ற ஊருக்கு ஆயராக்கினார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று நம் ஊரில் பயமுறுத்துவார்களே, அதை அட்சரம் பிசகாமல் செய்துகாட்டியவர்கள் இவர்கள்தான். கையோ அசரவில்லை. பார்த்தேனியாவை இன்டர்நெட்டில் நிறுவி, எல்லையே இல்லாத மறைமாவட்டம் என்று அறிவித்துவிட்டார்.

போப்பின் மூன்றடுக்கு மகுடத்தைச் சொல்லாமல் விட்டால் ரோம் கோபித்துக்கொள்ளும். 1800இல் ஏழாம் பத்திநாதர் வெனிஸில் முடிசூடியபோது மகுடம் இல்லை. பிரெஞ்சுப் படை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. காகிதக் கூழில் ஒன்றைச் செய்து, வெனிஸ் சீமாட்டிகள் கொடுத்த நகைகளைப் பதித்துச் சமாளித்தார்கள். பிற்பாடு நெப்போலியன் பெருந்தன்மையாக ஒரு மகுடம் பரிசளித்தார். எட்டுக் கிலோவுக்கு மேல் எடை, தலைக்குள் நுழையாத அளவு, பதித்த கற்களில் சில ரோமிலிருந்து கொள்ளையடித்தவை. இதற்குப் பெயர் மரியாதை. 1964 நவம்பரில் ஆறாம் சின்னப்பர் தன் மகுடத்தை ஏழைகளுக்காக என்று பேதுரு தேவாலயப் பீடத்தில் வைத்துவிட்டார். அது அமெரிக்காவுக்குப் போய், வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் காட்சிக்கு இருக்கிறது.

அங்கியின் வாலும் குறைந்தது. கர்தினால்கள் பின்னால் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போன நீள்வால் அங்கியை 1952இல் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏறக்குறையப் பாதியாக வெட்டினார். பாதி என்றாலே ஏழு மீட்டர். நம் ஒன்பது கஜப் புடவையில் பெரும்பகுதி. 1969இல் சின்னப்பர் தொப்பியையும் ஒழித்துவிட்டார்.

துணிக்கடை மட்டும் நிற்கவில்லை. ரோமில் 1798இலிருந்து கம்மரெல்லி என்ற தையல் குடும்பம் இருக்கிறது. புதுப் போப் யாரென்று தெரியாததால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வெள்ளை அங்கி தைத்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. 1914இல் தேர்வான பதினைந்தாம் ஆசீர்வாதப்பருக்குச் சின்னதே தொளதொளத்தது. 1958இல் இருபத்து மூன்றாம் அருளப்பருக்குப் பெரியதே பற்றவில்லை. முதுகுப் பக்கம் பிரித்து ஊசி குத்தித்தான் மாடத்துக்கு அனுப்பினார்கள். கீழே கூடியிருந்த கூட்டத்துக்கு முன்பக்கம் மட்டும்தானே தெரியும்.

2013 மார்ச் 13 அன்று பிரான்சிஸ் சிவப்புத் தோளங்கியை வேண்டாமென்று வெறும் வெள்ளையில் வந்து நின்றார். எளிமை வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ அதைப் போட்டுக்கொண்டே வந்தார். அடுத்த தடவை அந்த மாடக் கதவு திறக்கும்போது முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் தோளைப் பாருங்கள்.